விதானையார் எழுதும் தீர்ப்பு

வேலையற்றவன் யார்? இக்கேள்விக்கு விடை கூறுவது எளிதென்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். ஆனால் தொழிற்படைக் கணக்கெடுப்பை நடத்தும் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தாரைக் கேட்டால் அவர்கள் தரும் விடை வேறு. கணக்கெடுப்புக்குரிய வாரத்திலே ஒரு மணித்தியாலமாவது ஊதியத்துக்காகவோ இலாபத்துக்காகவோ உழைத்தவன் வேலையுள்ளவன். அவ்வாறு உழைக்காது, வேலை கிடைத்தால் ஏற்கத் தயாராகவும் அதைத் தேடிக்கொண்டும் இருப்பவனே வேலையற்றவன். உலக நாடுகள் பலவும் ஒப்புக்கொண்ட வரைவிலக்கணம் இது. புள்ளிவிபரத்துக்கு இத்தகைய ஓர் எல்லைக்கோடு அவசியமென்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும், பேசாலைக் கரையிலே கிழிந்த வலையை மடியில் வைத்துப் பொத்திக்கொண்டிருக்கும் ஒருவரிடம் போய், சென்ற வாரம் ஒரு மணித்தியாலமாவது கடலுக்குப் போனீர்களா என்று கேட்டுப் பாருங்கள். போயிருப்பார். திங்கட்கிழமை விடியற்காலையிற் போய், இழுவைப் படகு அறுத்துச் சென்ற வலையின் மிச்சத்தை அள்ளிப் போட்டுக்கொண்டு, எண்ணெய்ச் செலவு நட்டமாகத் திரும்பியிருப்பார். புள்ளிவிபரத்தின்படி அவர் வேலையுள்ளவர். அவர் வீட்டு அடுப்பின்படி?

உழைப்பு நின்றுபோனவர் அரசினரிடம் உதவி கேட்டு வரும்போது, அதைக் கொடுக்கலாமா, கொடாது விடலாமா என்று எவரோ ஒருவர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. வெளிப் பார்வைக்கு இது வெறும் எழுதுவினைஞர் வேலை. படிவத்தை வாங்குவது, கட்டங்களை நிரப்புவது, கையொப்பமிடுவது. ஆனால் நீதிமன்றத்திலே நீதிபதி செய்யும் தொழிலுக்கும் இதற்கும் உள்ள தூரம் நாம் நினைப்பதுபோல் அதிகமன்று. மன்னார் மாவட்டத்திலே ஐந்து பிரதேச செயலகங்களும் 153 கிராம அலுவலர் பிரிவுகளும் இருக்கின்றன. அந்த 153 கந்தோர்களிலும் நாளாந்தம் இத்தகைய சிறு தீர்ப்புகள் எழுதப்படுகின்றன. வழக்கறிஞர் இல்லை, சாட்சிக் கூண்டு இல்லை, தோற்றவருக்குப் பெரும்பாலும் காரணமும் தெரிவதில்லை.

மன்னார்த் தீவை அறியாத நேயர்களுக்காக ஒரு வார்த்தை. நிலப்பரப்பிலிருந்து தலைமன்னார் நோக்கி நீண்டு ஒடுங்கிக் கிடக்கும் இத்தீவுக்கு இரண்டு கடல்கள். வடக்கே பாக்கு நீரிணையின் கடல். தெற்கே மன்னார் வளைகுடா. வாடை வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும். சோளகம் எழுந்தால் தென்கடல் பொங்கும். வசதியுள்ளவர் காற்றைப் பார்த்துக் கடல் மாறுவர். தோணியையும் வலையையும் ஏற்றிப் பறிக்கச் செலவுக்கு வழியற்றவர் கரையிலிருப்பர். போதாததற்கு வருமானமும் பங்கு முறையிலே வருவது. எண்ணெய்ச் செலவைக் கழித்து, வள்ளத்துக்கும் இயந்திரத்துக்கும் வலைக்குமுரிய பங்கைச் சம்மாட்டி எடுத்தபின் எஞ்சுவதே ஆட்களுக்கு. மீன் படாத நாளிற் பங்கும் இல்லை. சம்மாட்டியிடம் வாங்கிய முற்பணம் மாத்திரம் குறையாமல் நிற்கும்.

இத்தகைய ஒருவர் படிவத்துடன் ஓர் இளம் உத்தியோகத்தரின் முன்னே போய் அமர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கரையோரக் கந்தோர் எதிலும் பின்வருமாறு ஓர் உரையாடலைக் கேட்கலாம்.

"என்ன தொழில், ஐயா?"

"கடல்தான் தம்பி."

"மாத வருமானம் எவ்வளவு?"

"எந்த மாதத்தை எழுதப் போறியள்?"

"ஏதாவது ஒரு தொகை சொல்லுங்கோ ஐயா. இந்தப் பெட்டியை வெறுமையாய் விட ஏலாது."

"வருசம் முழுக்க வந்ததைக் கூட்டிப் பன்னிரண்டாற் பிரிக்கலாம் தம்பி. அப்பிடிப் பிரிச்சுப் பிரிச்சுப் பிள்ளையளுக்குச் சோறு போட ஏலுமே?"

இங்கே இருவர் மீதும் குற்றமில்லை. பெரியவர் பொய் சொல்லவில்லை, தம்பியும் இரக்கமற்றவரல்லர். மாதச் சம்பளம் வாங்குவோரை மனத்திற் கொண்டு வரைந்த படிவம் ஒன்று, நாட்கூலியும் பங்கும் உண்டு வாழும் கரையொன்றுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. முடிவிலே அந்தப் பெட்டிக்குள் ஏதோ ஓர் எண் எழுதப்படும். பின்னர் அந்த எண்ணே உண்மையாகிவிடும்.

வேலையிழந்தோருக்கு உதவுவது என்ற எண்ணம் சட்டமானது எப்படியென்று சிறிது பார்ப்போம். பிரித்தானியாவிலே 1911ஆம் ஆண்டிற் தேசியக் காப்புறுதிச் சட்டம் நிறைவேறியது. கப்பல் கட்டுதல், பொறியியல், கட்டிட வேலை முதலிய சில தொழில்களுக்கு மாத்திரம் அது முதலில் ஏற்பட்டது. தொழிலாளியும் முதலாளியும் அரசும் சேர்ந்து பணம் கட்டுவர். வேலை போனால் வாரம் 7 சிலிங் வீதம் ஆண்டொன்றில் 15 வாரங்கள்வரை கிடைக்கும். தொகை சொற்பமே. ஆனால் எனக்கு வியப்பூட்டுவது அத்தொகையன்று. தீர்ப்பளிப்பதற்காக அவர்கள் வகுத்த ஒழுங்கே. முதலில் ஒரு காப்புறுதி உத்தியோகத்தர் தீர்மானிப்பார். அது பிடிக்காவிட்டால் முதலாளிகளின் சார்பில் ஒருவரும் தொழிலாளரின் சார்பில் ஒருவரும் தலைவர் ஒருவருமாக அமர்ந்த சபை விசாரிக்கும். அதற்கும் மேலே ஒரு நடுவர் இருந்தார். அவருடைய தீர்ப்புகள் அச்சேறின. ஓர் ஊரில் ஒருவருக்குக் கிடைத்த நியாயத்தை வேறோர் ஊரில் இன்னொருவர் எடுத்துக்காட்டிக் கேட்க முடிந்தது.

அங்கும் கொடுமைகள் இல்லாமற் போகவில்லை. உண்மையாக வேலை தேடினாயா என்பதை விண்ணப்பதாரியே நிரூபிக்க வேண்டுமென்ற விதி 1920களிற் பலரை வாட்டியது. இல்லாத வேலையைத் தேடி ஒவ்வொரு தொழிற்சாலை வாசலாக நடந்ததற்கு அத்தாட்சி கொண்டுவா என்றார்கள்! 1930இல் அவ்விதி நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே வசதிச் சோதனை வந்தது. மகனோ மகளோ உழைத்தால் அது தகப்பனின் உதவியிற் கழிக்கப்பட்டது. அந்தச் சோதனையின் கசப்பு அந்நாட்டு முதியோர் நினைவில் வெகுகாலம் நின்றதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

நமது நாடு இவற்றில் எதை எடுத்துக்கொண்டது? 1939இல் வறியோர் சட்டம் வந்தது. சேர் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையிலான சமூக சேவை ஆணைக்குழு 1947இல் வெளியிட்ட அறிக்கையில் வேலையிழப்பு நிவாரணம் பற்றியும் ஆராய்ந்தது. ஆயினும் தொழிலாளி பணம் கட்டி உரிமையாகப் பெறும் வேலையிழப்புக் காப்புறுதி இன்றுவரை இங்கே சட்டமாகவில்லை. சம்பளத்துக்கு வேலைசெய்வோருக்கு 1958இன் ஊழியர் சேமலாப நிதியும், 1980இன் நம்பிக்கை நிதியும், தொழில் ஆணையாளரின் அனுமதியின்றி ஆட்குறைப்புச் செய்வதைத் தடுக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. சம்மாட்டியின் வள்ளத்திற் பங்குக்குப் போகிறவருக்கு இவற்றில் எது பயன்படும்? எனவே அவருக்கு எஞ்சியது வறியோர் உதவி ஒன்றே. அதற்கு நம்மவர் இட்ட பெயர் பிச்சைச் சம்பளம். பெயரைக் கவனியுங்கள். காப்புறுதிப் பணத்தை வாங்குகிறவன் தலை நிமிர்ந்து வாங்குகிறான். பிச்சைச் சம்பளத்தை வாங்குகிறவனோ முதலில் தான் ஏழை என்பதை ஊரறிய ஒப்புக்கொள்ள வேண்டும். பிரித்தானியரின் சோதனையை நாம் இறக்குமதி செய்துகொண்டோம். அவர்களுடைய நடுவரை விட்டுவிட்டோம்.

தீர்ப்புக் கூறும் ஆள் மாத்திரம் காலந்தோறும் மாறி வந்தார். உடையாரும் மணியகாரரும் போய், டி.ஆர்.ஓ. என்ற காரியாதிகாரி வந்தார். 1963இல் விதானைமார் முறை ஒழிந்து கிராம சேவகர் வந்தார். இப்போது அவர் கிராம அலுவலர். 1992ஆம் ஆண்டின் சட்டத்தால் உதவி அரசாங்க அதிபரின் இடத்திற் பிரதேச செயலாளர் அமர்ந்தார். சனங்கள் இன்னும் விதானையார் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் ஒழித்த பெயரை வழக்கு ஒழிக்கவில்லை.

உதவியின் பெயர்களும் மாறின. 1942இல் யுத்தகாலப் பங்கீடு வந்தது. அரிசிக் கூப்பன் எல்லோருக்கும் உரியதாயிருந்த காலம் அது. ஏழை யாரென்று எவரும் தீர்மானிக்க வேண்டியிருக்கவில்லை. 1953இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதும் நாடே ஹர்த்தாலில் எழுந்ததை முதியோர் அறிவர். 1970களின் இறுதியிற் பங்கீடு சுருங்கி உணவு முத்திரைத் திட்டம் வந்த காலத்திலேதான், மாதம் 300 ரூபாவுக்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பமா என்ற கேள்வி வீட்டு வாசலுக்கு வந்தது. ஏறக்குறைய நாட்டின் பாதிப்பேர் அதற்குள் அடங்கினர். பின்னர் 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி. போர்க்காலத்தில் வடபகுதி முழுவதற்கும் சமுர்த்தி எட்டவில்லை. அக்காலத்தில் நம்மவர் பலர் உயிர் பிழைத்தது நிவாரண அரிசியில்.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். 2022ஆம் ஆண்டு நெருக்கடியை எந்த வாசகரும் மறந்திருக்கமாட்டார். முதலில் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் மாதத்திற் கிடைக்கத் தொடங்கியபோது, 87 ரூபாவாயிருந்த ஒரு லீற்றர் 340 ரூபாவாகியிருந்தது. சிறு வள்ளங்களின் இயந்திரங்கள் ஓடுவது மண்ணெண்ணெயிலே. கடல் அமைதியாயிருந்தது, மீனும் இருந்தது, மனிதன் மட்டும் கரையிலிருந்தான். வேலையின்மை என்ற சொல்லுக்கு அதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. ஆனாலும் அவனை வேலையற்றவனென்று பதிய ஒரு புத்தகம் எங்கும் இருக்கவில்லை.

அந்நெருக்கடியின் பின் வந்ததே அஸ்வெசும. ஆறுதல் என்று பொருள்படும் சிங்களச் சொல் அது. 2002இல் நிறைவேறிப் பெரிதும் ஏட்டளவிற் கிடந்த நலன்புரி நன்மைகள் சட்டத்துக்கு அதனால் உயிர் வந்தது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் நிலைமை, குடும்ப அமைப்பு என்னும் ஆறு தலைப்புகளில் 22 குறிகாட்டிகளை வகுத்தனர். கணக்கெடுப்பாளர் வீடு வீடாகச் சென்று விபரம் திரட்ட, கணினி புள்ளியிட்டு வரிசைப்படுத்தும். 20 இலட்சம் குடும்பங்களுக்கு உதவுவதென முடிவாயிற்று. விண்ணப்பித்தவையோ ஏறக்குறைய 37 இலட்சம். மிக வறிய 4 இலட்சம் குடும்பங்களுக்கு மாதம் 15,000 ரூபா, வறிய 8 இலட்சம் குடும்பங்களுக்கு 8,500 ரூபா என அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் இவை முறையே 17,500, 10,000 ரூபாவாக உயர்ந்தன. பாதிக்கப்படக்கூடிய 4 இலட்சம் குடும்பங்களுக்கு 5,000. நெருக்கடியால் வருமானத்தை இழந்து தற்காலிகமாகத் தாழ்ந்த மற்றுமொரு 4 இலட்சம் குடும்பங்களுக்கு 2,500 ரூபா. அதுவும் 2023 டிசம்பர்வரை. காலவெல்லை பின்னர் நீடிக்கப்பட்டதென்பது வேறு விடயம். இந்நான்கு படிகளையும் ஒருமுறை கூர்ந்து பாருங்கள். வேலையிழந்தோர் உதவி என்று சொல்லத்தக்கது கடைசிப் படியே. மிகக் குறைந்த தொகையும் மிகக் குறுகிய காலமும் அதற்கே விதிக்கப்பட்டன.

புள்ளி முறைக்கு ஒரு பெருமையுண்டு. அது முகம் பார்ப்பதில்லை. எந்தக் கட்சிக்காரன், எந்தக் கோயிலான், யாருடைய மைத்துனன் என்று கேட்பதில்லை. பழைய முறையில் அந்தக் கேள்விகளாற் பாதிக்கப்பட்டோர் இம்முறையை வரவேற்றதில் நியாயமுண்டு, நானும் வரவேற்றேன். ஆனால் முகம் பாராத முறைக்கு முகத்திலுள்ள வாட்டமும் தெரிவதில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். போர் முடிந்தபின் இந்திய அரசின் உதவியுடன் 50,000 வீடுகள் கட்டும் திட்டம் நடந்தது. மீளக்குடியேறியவர்களுக்கு வீடொன்றுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா பகுதி பகுதியாகக் கொடுக்கப்பட்டு, அவர்களே கட்டிக்கொண்டனர். மன்னார் மாவட்டத்திலும் அவ்வாறு பல வீடுகள் எழுந்தன. கணவனைப் போரிற் பறிகொடுத்த பெண்ணொருத்திக்குக் கல்வீடு இருக்கிறது. கூரையில் ஓடு இருக்கிறது. தரை சீமெந்துத் தரை. வீட்டின் நிலைமை என்ற தலைப்பிலே அவளுடைய வறுமைப் புள்ளி குறைந்துவிடும். சுவரை யாரும் உண்ண முடியாதென்பதைக் கணினிக்கு எவர் சொல்வது? ஓர் உதவி மற்றோர் உதவிக்குத் தடையாவது விந்தையிலும் விந்தை.

எருக்கலம்பிட்டி, மன்னார் நகரம், முசலி முதலிய இடங்களில் வேறொரு சிக்கல். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடபகுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் புத்தளத்திலும் பிற இடங்களிலும் இருபது ஆண்டுகள்வரை வாழ்ந்தார்கள். 2009க்குப் பின் பலர் மீண்டனர். பிள்ளையின் பள்ளிக்கூடம் அங்கே, தகப்பனின் தொழில் இங்கே என இரு கரையிலும் கால் வைத்து வாழும் குடும்பங்களும் உண்டு. எந்தப் பிரிவிலே பதிவு என்ற கேள்வி வரும்போது, இரண்டு கந்தோர்களும் ஒன்றையொன்று கைகாட்டிவிடலாம். இத்தகைய விண்ணப்பத்தைத் தீர்மானிக்க உத்தியோகத்தருக்குச் சட்டம் தெரிந்தாற் போதாது, ஊரின் வரலாறும் தெரிய வேண்டும். அந்த ஊரறிவு விதானையாரிடம் இருந்தது. கணக்கெடுப்பின்போது நாட்டின் பல பாகங்களிலும் கிராம அலுவலர் சங்கங்கள் ஒதுங்கி நின்றமையால், ஊரறியாதோர் படிவம் நிரப்ப நேர்ந்த இடங்கள் உண்டு.

பெயர்ப்பட்டியல் 2023 ஜூனில் வெளியானது. ஜூலை நடுப்பகுதிக்குள் 9 இலட்சத்துக்கு மேற்பட்ட முறையீடுகள் குவிந்தன. தகுதியற்றவருக்குக் கிடைத்துவிட்டதென்று பிறர்மேல் ஆட்சேபணை செய்யவும் இடமிருந்தது. அவ்வாறு வந்தவை 17,000 அளவில் மாத்திரமே. பத்திரிகைகள் முதல் எண்ணையே பெரிதாகப் பேசின. என்னைக் கவர்ந்தது இரண்டாவது எண். எனக்குத் தா என்று கேட்டவர் இலட்சக்கணக்கானோர்; அவனுக்குக் கொடாதே என்று சொன்னவர் அதில் ஐம்பதில் ஒரு பங்குமில்லை.

இனி நமது எதிர்க்கரையைப் பார்ப்போம். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி 18 மைல் தூரம். அங்கே கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரில் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் பெருகுவதற்காக 2001இல் 45 நாட்களாகத் தொடங்கிய தடை 2017இல் 61 நாட்களாக நீண்டது. நமது வலைகளை அறுக்கும் அதே இழுவைப் படகுகளைத்தான் சொல்கிறேன். அந்நாட்களுக்கு ஈடாகத் தமிழக அரசு மீனவக் குடும்பத்துக்கு 5,000 ரூபா கொடுத்து வந்தது. அதை 8,000 ஆக உயர்த்துவதாக 2023இல் மண்டபத்தில் அறிவிக்கப்பட்டது. அஃதன்றி மீனவர் 1,500 ரூபா சேமித்தால் மாநில அரசு 1,500, மத்திய அரசு 1,500 சேர்த்து, மீன் குறைந்த மாதங்களிலே 4,500 ஆகத் திருப்பித் தரும் சேமிப்பு நிவாரணத் திட்டமும் உண்டு. தொகைகளைக் கேட்டு எவரும் மயங்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே தீர்ப்புக் கூறுவது எவ்வளவு சுலபமாகிவிட்டதென்று பாருங்கள். வேலை எப்போது நிற்கும் என்பதை நாட்காட்டி சொல்கிறது. யார் மீனவர் என்பதைச் சங்கத்தின் பதிவு சொல்கிறது. சோம்பேறியா, உழைப்பாளியா, வீட்டில் ஓடு இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு இடமே இல்லை.

இதை நம் கரையிலும் ஓரளவு செய்ய முடியாதா என்பதே என் கேள்வி. காற்றுக்கு ஏப்ரில் 15 போலத் தேதி இல்லை என்பது உண்மை. ஆனாற் கடலுக்குச் செல்ல வேண்டாமென்று வளிமண்டலவியல் திணைக்களம் விடுக்கும் எச்சரிக்கைக்குத் தேதி இருக்கிறது. எண்ணெய் விநியோகம் நின்ற நாளுக்குத் தேதி இருக்கிறது. வலை அறுந்ததென்று பொலிசில் எழுதிய முறைப்பாட்டுக்கும் தேதி இருக்கிறது. இவற்றைச் சேர்த்து வைத்தால், மாத வருமானம் என்ற அந்தப் பெட்டிக்குப் பதிலாகத் தொழில் நின்ற நாட்கள் என்றொரு பெட்டியை வைக்கலாம். கருவாடு காயப்போடும் பெண்களுக்கும் அதே நாட்களே வேலையற்ற நாட்கள். படிவங்கள் அவர்களை வீட்டுப்பணி என்ற நிரலிற் போட்டுவிட்டு அப்பாற் போய்விடுகின்றன.

மாணவர்களுக்கு ஒரு செய்தி கூறி நிறுத்துகிறேன். கரையோர வீடுகளிற் படிவம் நிரப்புகிறவர்கள் பெரும்பாலும் நீங்கள்தாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 35ஆம் பிரிவை வாசித்துப் பாருங்கள். ஒருவரைப் பாதிக்கும் தீர்மானத்தை எடுக்கும் பொது உத்தியோகத்தர் அதற்கான காரணத்தை அவருக்கு வெளிப்படுத்த வேண்டுமென்று அது கூறுகிறது. உங்கள் வீட்டில் எவருக்கேனும் உதவி மறுக்கப்பட்டிருந்தால், அப்பிரிவைக் குறிப்பிட்டுக் காரணம் கேட்டு எழுதலாம். கடிதம் நீள வேண்டியதில்லை. விண்ணப்ப இலக்கம், தேதி, கிராம அலுவலர் பிரிவு ஆகியன முதலில் வரட்டும். எங்கள் குடும்பம் மிகவும் கஷ்டப்படுகிறது என்று எழுதுவதிலும், கார்த்திகை மாதத்தில் வள்ளம் கடலுக்குப் போகாத நாட்கள் பத்தொன்பது என்று எழுதுவது பயன் தரும். அதற்கு முதலில் நாட்களை எண்ணி வைக்க வேண்டும். நாட்காட்டி இல்லாத வீடில்லை. வள்ளம் இறங்காத நாளுக்கு ஒரு புள்ளடி போட்டு வையுங்கள். கடிதத்தின் பிரதியொன்றை வீட்டிலே வைத்துக்கொண்டு, கந்தோரிற் கொடுக்கும்போது பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தையும் தேதியையும் அதிலே வாங்கிக்கொள்ள மறக்க வேண்டாம்.